கம்பெனியில சொல்லிட்டாங்க

மறைமலை நகரில் யாரும் தொழிற்சாலைக்குப் போவதில்லை. கம்பெனிக்குப் போகிறார்கள். சாத்தூர், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். கோவைக்காரருக்கு மில். ஆவடியில் ஃபேக்டரி. திருப்பூரில் ஒரு ஷெட்டுக்குள் நான்கு மெஷினைப் போட்டாலே அது பனியன் கம்பெனி. ஆனால் சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் இந்தச் சொல் கோலோச்சுவது போல வேறெங்கும் இல்லை. கம்பெனி பஸ், கம்பெனி கேன்டீன், கம்பெனி ஷூ, கம்பெனி லீவு. உதிரிபாகம் செய்து தருவது வெண்டர் கம்பெனி, அதை வாங்கிக் காராக்குவது மதர் கம்பெனி. வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் ஊர், பெயர் எல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, “எந்தக் கம்பெனி?”

ஊரின் பெயரையும் கவனிக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்து வேதாசலம் என்ற பெயரோடு வளர்ந்தவர், 1916-இல் வடமொழி கலவாத தமிழ் என்று உறுதி பூண்டு, தம் பெயரையே மறைமலையடிகள் என்று தமிழாக்கிக்கொண்டார். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ இதழ் ‘அறிவுக்கடல்’ ஆனது. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆனது. பிற்காலத்தில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு துணைநகரம் அமைத்தபோது அதற்கு இந்த அடிகளாரின் பெயர் கிடைத்தது. அந்த ஊரில் இன்று ஒரு வாக்கியம்கூடக் கம்பெனி, ஷிஃப்ட், ஓ.டி. இல்லாமல் நகராது. இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடிகள் தம் தமிழ் நூல்களுக்கு ஆங்கிலத்தில் நீண்ட முன்னுரை எழுதியவர். அவருடைய சண்டை முதன்மையாக வடசொல்லோடுதான். தவிர, கம்பெனி என்ற சொல் இந்த மண்ணுக்கு நேற்று வந்தது அல்ல. அதன் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டும்.

லத்தீனில் ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. ‘கம்’ என்றால் உடன். சேர்ந்து ரொட்டி தின்பவன் ‘கம்பானியோ’. கிறிஸ்து பிறந்து ஐந்நூறு ஆண்டு கழிந்த காலத்து ஃபிராங்க் இனத்தாரின் சட்டத் தொகுப்பில் இதன் வேர் தென்படுகிறது. பிறகு பழைய பிரெஞ்சில் ‘கொம்பஞி’ ஆகி, ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது தோழமை, கூட்டம், படைப்பிரிவு என்றெல்லாம் அதற்குப் பொருள் இருந்தது. கூட்டு வியாபாரத்தைக் குறித்தது பிறகு. ஆகப் பழைய பொருளை இன்றும் அப்படியே காப்பாற்றி வருகிறவர்கள் நம் ஊர் குடிமகன்கள்தான். “நான் குடிக்க மாட்டேன், சும்மா கம்பெனி குடுக்கிறேன்” என்று உட்கார்ந்து சைடு டிஷ்ஷை மட்டும் காலி செய்கிறவரைவிட அந்த லத்தீன் சொல்லுக்கு விசுவாசமானவர் யார்?

தமிழுக்கு இது ஒரே கதவு வழியாக வரவில்லை. போர்த்துக்கீசியரின் மொழி சோழமண்டலக் கரையில் வெகுகாலம் வியாபார மொழியாக இருந்தது. டச்சுக்காரர்களின் கம்பெனி 1602-இல் பிறந்து, 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்தது. தரங்கம்பாடிக்கு டேனிஷ் கம்பெனி 1620-இல் வந்தது. பிரெஞ்சுக் கம்பெனி 1674-இல் புதுச்சேரியில் கால் வைத்தது. ஆங்கிலேயருடையது 1600-இன் கடைசி நாளில் அரசியிடம் சாசனம் வாங்கிய கம்பெனி. 1639-இல் மதராசப்பட்டினத்தில் மணல்மேட்டை வாங்கியது. இத்தனை பேர் வாயிலும் புழங்கிய சொல் தமிழ்க் காதில் விழுந்து கும்பினி, கொம்பனி, கம்பனி என்று பல உருவம் எடுத்தது. கொழும்பில் டச்சுக் கம்பெனி தன் அடிமைகளை வைத்திருந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் ‘ஸ்லேவ் ஐலண்ட்’ என்று பெயர். தமிழில் இன்றும் கொம்பனித்தெரு. இங்கே கும்பினி. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி எழுதிய நாட்குறிப்பில் இந்தச் சொல் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது. சரக்கு வந்தது, கப்பல் வந்தது, கடன் நின்றது, எல்லாம் கும்பினிக்கு.

மறைமலை நகருக்கும் இந்தக் கும்பினிக்கும் நேரடி உறவு ஒன்று உண்டு. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, பட்ட கடனுக்கும் பெற்ற உதவிக்கும் ஈடாக, சென்னையைச் சுற்றிய செங்கல்பட்டு, காஞ்சிபுரம் சீமையை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கோட்டை, கிடங்கு, துறைமுகம் என்று கடலோரத்தில் இருந்த வியாபாரி, ஏரியும் வயலுமாகப் பரந்த ஒரு நாட்டுக்குச் சொந்தக்காரன் ஆனது இந்தப் பக்கத்தில் அப்போதுதான். அதற்கு ஆவணங்களில் பெயரே ‘ஜாகீர்’. இன்றைய மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் மூன்றும் இருக்கும் நிலம் அந்தச் சீமைக்குள் அடங்கியது. தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அளந்து, எத்தனை ஏரி, எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு மானியம் என்று கணக்கெடுத்தார். 1780-இல் ஹைதர் அலியின் படை வந்து இந்தச் சீமையைப் பாழாக்கியது. அதே ஆண்டில் கம்பெனி, அதுவரை நவாபுக்கே குத்தகைக்கு விட்டிருந்த ஜாகீரைத் தன் நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது.

இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரம் போனால் மதுராந்தகம். ஏரி காத்த ராமர் கோவிலில் ஜனகவல்லித் தாயார் சந்நிதியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்தத் தருமம் கும்பினி ஜாகீர் கலெக்டர் லயனல் பிளேஸ் துரை அவர்களுடையது என்று அது சொல்கிறது. பிளேஸ் 1794 முதல் 1798 வரை இந்தச் சீமையின் கலெக்டர். ஏரிக்கரை உடையப் போகும் மழை இரவில், கரைமேல் வில்லோடு காவல் நின்ற இரண்டு வாலிபர்களைத் துரை கண்டார், வந்தது ராம லட்சுமணர் என்று புரிந்து மனம் மாறிச் சந்நிதி கட்டினார் என்பது ஊர் சொல்லும் கதை. கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் பாடு. எனக்கு வியப்பு அந்தச் சொற்றொடரில். கும்பினி என்பது ஆங்கிலத்தில் இருந்து நேராக வந்ததல்ல, பல கைமாறிய சொல். ஜாகீர் பாரசீகம். கலெக்டர் ஆங்கிலம். தருமம் வடமொழி. துரை தெலுங்கு வழியாக வந்தது என்பார்கள். இத்தனையும் ஒரே கல்லில், தமிழ் எழுத்தில், பெருமாள் கோவிலுக்குள். மறைமலையடிகள் இந்தக் கல்லைப் பார்த்தாரா தெரியாது. பார்த்திருந்தால் உளி கேட்டிருப்பார்.

அந்தக் காலத்து மக்கள் பெரும்பாலும் வெறும் கும்பினி என்று நிறுத்துவதில்லை. கும்பினியார் என்பார்கள். கட்டபொம்மன் கதைப்பாடல்காரர் முதல் கிராமக் கணக்கர் வரை இந்த ‘ஆர்’ விகுதி தொற்றிக்கொண்டிருக்கிறது. இது மரியாதைப் பன்மை. கும்பினியார் வந்தார்கள், கும்பினியார் வரி கேட்டார்கள், கும்பினியார் தூக்கிலிட்டார்கள். வடக்கே ‘கம்பெனி பகதூர்’ என்றார்களாம். லண்டனில் ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து ஈவுத்தொகை எண்ணும் பங்குதாரர்களின் கூட்டம், நம் இலக்கணத்தில் உயர்திணையாக, ஒரு ராஜா போலக் குடியேறிவிட்டது. ஆள் யாரென்று தெரியாது. ஆனாலும் ‘ஆர்’.

1857 எழுச்சிக்குப் பின், 1858-இல் ஆட்சி அரசியின் கைக்குப் போனது. அந்தக் கம்பெனி 1874-இல் சட்டப்படி கலைந்தது. கும்பினியார் போனார்கள், ஆனால் கம்பெனி போகவில்லை. இப்போது ஆங்கில உச்சரிப்போடு, கையில் சட்டப் புத்தகத்தோடு வந்தது. 1850-இலேயே இந்தியாவில் முதல் கூட்டுப்பங்குக் கம்பெனிச் சட்டம் வந்திருந்தது. பிறகு 1866, 1882, 1913, சுதந்திரத்துக்குப் பின் 1956, கடைசியாக 2013. சட்டம் வந்தது என்றால் யாரும் கம்பெனி ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். வ.உ.சிதம்பரம் பிள்ளை ஆரம்பித்தார். 1906-இல் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு மூலதனம் பத்து லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். வெள்ளைக்காரனின் கப்பல் கம்பெனியை எதிர்க்கத் தமிழன் கையில் எடுத்த ஆயுதமும் கம்பெனிதான். இன்னொன்று. டச்சுக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் ஆங்கில எழுத்தில் வி.ஓ.சி. பிள்ளையின் பெயர்ச் சுருக்கமும் வி.ஓ.சி. இருவருக்கும் துறைமுகம் தூத்துக்குடி. தற்செயல்தான், வேறொன்றும் இல்லை. ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

இதே காலத்தில் இந்தச் சொல்லுக்கு வேறொரு வாழ்க்கையும் நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் குழுக்களுக்கு வைத்த பெயர் சபா. ஜனங்கள் அழைத்தது கம்பெனி. பாய்ஸ் கம்பெனி, கன்னையா கம்பெனி. வறுமைப்பட்ட வீட்டுப் பையன்களை ஏழு எட்டு வயதில் கொண்டுவந்து விடுவார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அப்படி வந்து சேர்ந்தவர்தான் எம்.ஜி.ஆர். ஊர் ஊராகப் போகும் கம்பெனிக்கு, போன ஊரில் எல்லாம் ஒரு ‘கம்பெனி வீடு’ பிடிப்பார்கள். சாப்பாடு, பாடம், அடி, தூக்கம் எல்லாம் அங்கேயே. ஒரே பந்தியில் ராஜபார்ட்டும் கோமாளியும். சம்பளம் சொற்பம், சோறு நிச்சயம். சேர்ந்து ரொட்டி தின்னும் அந்தப் பழைய பொருளுக்குத் தமிழில் கிடைத்த ஒரே முறையான வீடு இதுதான் என்பது என் எண்ணம். நாடகக் கம்பெனிக்காரர்கள் சினிமாக் கம்பெனிக்குப் போனபோது சொல்லையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் என்ன செய்தது? கழகம், நிறுவனம், நிறுமம் என்று மாற்றுச் சொல் தந்தது. நிறுவனம் பத்திரிகையில் நிலைத்துவிட்டது. நிறுமம் சட்டத் தமிழைத் தாண்டவில்லை. அடிகளாரின் மகள் நீலாம்பிகை அம்மையார் வடசொல்லுக்கு நிகரான தமிழ்ச்சொற்களைத் தேடித் தொகுத்தவர். அவர் கணவர் திருவரங்கம் பிள்ளை, தம்பி சுப்பையா பிள்ளையோடு 1920-இல் நிறுவிய பதிப்பகம்தான் சைவ சித்தாந்தக் கழகம். சங்க இலக்கியம் முதல் அகராதி வரை தமிழ்ப் படிப்பாளி வீடுகளில் நிறைந்திருக்கும் அந்த நூல்களின் முகப்பைப் பாருங்கள். திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம், ‘லிமிடெட்’ என்று முடியும். கம்பெனியைக் கழகம் ஆக்க முடிந்தது. லிமிடெட்டை ஒன்றும் செய்ய முடியவில்லை. பங்கு போட்டவன் போட்ட பணத்துக்கு மேல் கடனுக்குப் பொறுப்பில்லை என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் கம்பெனியின் உயிர் இருக்கிறது.

அந்த உயிரைப் பற்றி லண்டன் பிரபுக்கள் சபை 1896-இல் ஒரு தீர்ப்பு சொன்னது. ஆரன் சாலமன் என்ற தோல் பூட்ஸ் வியாபாரி தன் கடையைத் தானும் தன் குடும்பமும் மட்டுமே உள்ள கம்பெனியாக்கினார். கம்பெனி நொடித்துப்போனது. கடன்காரர்கள் சாலமனைப் பிடித்தார்கள். கம்பெனி வேறு, சாலமன் வேறு, சட்டத்தின் முன் கம்பெனியே தனி ஆள் என்று பிரபுக்கள் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் உலகெங்கும் கம்பெனிச் சட்டம் படிப்பவர்கள் மனப்பாடம் செய்யும் வழக்கு இது. ஆங்கிலச் சட்டம் கம்பெனியை ஆளாக்கி வைத்த அதே காலத்தில், தமிழ் மறுதிசையில் போயிற்று. கும்பினியாரின் ‘ஆர்’ உதிர்ந்தது. கம்பெனி அஃறிணை ஆயிற்று. கம்பெனி ஓடுது, கம்பெனி படுத்திருச்சு, கம்பெனி மூடிருச்சு.

மறைமலை நகர் வாசலுக்கு அது இந்தக் கோலத்தில்தான் வந்தது. 1995-இல் மகிந்திராவோடு கூட்டாக வந்த ஃபோர்டு, இங்கே ஆலை கட்டி 1999-இல் ஐகான் காரை இறக்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் சான்ட்ரோவோடு தொடங்கிவிட்டது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, மறு ஆண்டு சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், பிறகு பாரத்பென்ஸ், ராயல் என்ஃபீல்டு. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஜாகீர், காரும் டி.வி.யும் விளையும் வட்டாரம் ஆயிற்று. விருத்தாசலத்தில் இருந்தும் அறந்தாங்கியில் இருந்தும் டிப்ளமோ முடித்த பையன்கள் வந்தார்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்டில் இருந்தும் வருகிறார்கள். அவர்கள் வாயிலும் அதே சொல்தான்.

காலையிலும் பிற்பகலிலும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலை ஓரம் நின்றால், டீக்கடையில் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. “நாளைக்கு லைன் இல்லையாம், கம்பெனியில சொல்லிட்டாங்க.” “இந்த மாசம் ஓ.டி. கட்டாம். கம்பெனியில சொல்லிட்டாங்க.” கம்பெனி சொன்னது என்று யாரும் சொல்வதில்லை. கம்பெனி‘யில்’ சொன்னார்கள். ஏழாம் வேற்றுமை. அது இப்போது ஒரு இடம் மட்டுமே. சொன்னவர் யார்? பள்ளிக்கூடத்தில் படித்த தோன்றா எழுவாய்தான். சூப்பர்வைசரைக் கேட்டால் ஹெச்.ஆர். என்பார். ஹெச்.ஆரைக் கேட்டால் மேனேஜ்மென்ட். மேனேஜ்மென்டைக் கேட்டால் தலைமையகம். ஹெல்பர் முதல் வெல்டர் வரை இந்த வாக்கியத்தை அன்றாடம் சொல்கிறார்கள், யாருக்கும் அதில் குறை தெரிவதில்லை. இருநூறு ஆண்டுக்கு முன் ‘கும்பினியார் சொன்னார்கள்’ என்றவன், ஆளைக் கண்டதில்லை என்றாலும் சொன்னவனுக்கு ஓர் எழுவாயையாவது கொடுத்தான்.

இன்னொரு குழப்பம் இருக்கிறது. மின்கம்பத்தில், பாலத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் படித்தால் தெரியும். முன்னணி கார் கம்பெனிக்கு ஆட்கள் தேவை. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பத்தாவது. பஸ், சாப்பாடு, ரூம் உண்டு. கீழே ஒரு செல்போன் நம்பர். அது கார் கம்பெனியின் நம்பர் அல்ல, ஆள் எடுத்துக் கொடுக்கும் கான்ட்ராக்டரின் நம்பர். சேர்ந்த பையன் ஊருக்குப் போன் செய்து பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்வான். போட்டிருக்கும் சட்டையும் அந்த நிறம்தான். சம்பளச் சீட்டில் வேறு கம்பெனியின் பெயர் இருக்கும். 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இந்த இரண்டையும் முதன்மை வேலையளிப்பவர், ஒப்பந்தக்காரர் என்று பிரித்து எழுதி வைத்தது. ஒரே லைனில் பக்கத்தில் நிற்கும் பெர்மனென்ட் ஆளுக்கு அவன் ‘கம்பெனி ஆள்’ அல்ல, ‘கான்ட்ராக்ட்’. பேச்சில் தொழிலாளி என்ற சொல்கூட விழுந்து, மிச்சம் இருப்பது இவ்வளவுதான். அவர் பெர்மனென்ட், இவன் கான்ட்ராக்ட், அந்தப் பொண்ணு ட்ரெய்னி.

அதனால்தான் 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் நடந்த போராட்டத்தை நான் சம்பளச் சண்டையாக மட்டும் பார்க்கவில்லை. செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வெளியே உட்கார்ந்தார்கள். கோரிக்கைகளில் முதன்மையானது, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது. சங்கத்தின் பெயரில் சாம்சங் என்ற சொல் இருக்கக் கூடாது, அது எங்கள் வணிகப் பெயர் என்றது எதிர்த்தரப்பு. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் சங்கம் அந்தப் பெயரோடே பதிவாயிற்று. பதினைந்து ஆண்டுக்கு மேல் அந்தப் பெயர் போட்ட சட்டையைப் போட்டு வேலை செய்தவர்கள், அந்தப் பெயரைத் தங்கள் பலகையில் எழுதிக்கொள்ள அரசாங்கத்தையும் நீதிமன்றத்தையும் தாண்டி வர வேண்டியிருந்தது. பெயர் கம்பெனிக்குச் சொந்தம் என்றால் கம்பெனி யாருக்குச் சொந்தம், அதில் யார் யார் சேர்த்தி என்ற கேள்வி அந்த வழக்கில் மறைந்தே இருந்தது.

மறைமலை நகர்க்காரர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை 2021 செப்டம்பர் 9 அன்று கிடைத்துவிட்டது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. இங்கே செய்த எக்கோஸ்போர்ட் அமெரிக்கச் சாலைகளிலேயே ஓடியது. அந்தக் கணக்கு எதுவும் எடுபடவில்லை. இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. ஆலை மூடியும் பெயர் அகலவில்லை. ‘ஃபோர்டு கம்பெனி தாண்டி லெஃப்ட்’ என்று இன்றும் வழி சொல்கிறார்கள். வேலை இழந்த சிலர் ஆட்டோ ஓட்டினார்கள், சிலர் ஊருக்குப் போனார்கள், சிலர் ஒரகடத்தில் வேறு கம்பெனியில் முதல் நாள் ட்ரெய்னியாக நின்றார்கள்.

இப்போது மறுபடியும் ‘ஃபோர்டு வருதாம்’ என்கிறார்கள். 2024 செப்டம்பரில் விருப்பக் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் 31-இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள். முதலீடு 3,250 கோடி ரூபாய். கார் இல்லை, ஏற்றுமதிக்கான என்ஜின் மட்டும். உற்பத்தி 2029-இல். மூடும்போது வேலை போனவர்கள் சுமார் 2,600 பேர். வரப்போவதாகச் சொல்லியிருப்பது 600 வேலைக்குச் சற்று மேல்.